பிளம் பழப் பெண்ணின் பெயர்

‘பெர்ஃப்யூம்’ நாவலைப் பதினெட்டு வருடங்களாக எல்லோருக்கும் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். முதுகலை படிக்கும்போது விடுதியில் இரண்டே இரவுகளில் படித்து முடித்த புத்தகம் அது. மூன்றாம் நாள் காலை மெஸ்ஸுக்குப் போகிற வழியில் ஈரச்சுவர், ரசம், அடுத்த அறைப் பெண்ணின் தேங்காயெண்ணெய், காயாத துணி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து மூக்கில் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு புத்தகத்தால் இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்றிருந்தது. அதற்குப் பிறகு மாணவிகளுக்கு, சக ஆசிரியர்களுக்கு, ஒருமுறை என்னைப் பெண்பார்க்க வந்தவருக்குக்கூட இரவல் கொடுத்திருக்கிறேன். (அவர் படிக்கவில்லை. புத்தகமும் திரும்பி வரவில்லை.) அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத ஒரு கேள்வியை, ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆயா ஒருவர் போன வருடம் கேட்டார்.

நாவலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பேட்ரிக் ஸூஸ்கிண்ட் ஜெர்மன் மொழியில் எழுதிய முதல் நாவல். 1985இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜான் உட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. நாங்கள் படித்தது அதைத்தான். ‘ஒரு கொலைகாரனின் கதை’ என்பது துணைத் தலைப்பு. 1738ஆம் வருடம் பாரிஸில் மீன் சந்தையில், மீன் கழுவும் மேசைக்கு அடியில் பிறக்கிறான் க்ரெனூய். உலகத்தின் எல்லா மணங்களையும் பிரித்தறியும் மூக்கு அவனுக்கு. ஆனால் அவன் உடம்புக்கென்று எந்த மணமும் கிடையாது. தோல் பதனிடுகிறவனிடம் அடிமைபோல் உழைத்து, பால்டினி என்கிற வாசனைத் தைல வியாபாரியிடம் தொழில் கற்று, ஏழு வருடம் ஒரு மலைக்குகையில் தனியே கிடந்து, கடைசியில் வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் நகரத்துக்கு வருகிறான். அங்கே இளம்பெண்களைக் கொன்று அவர்கள் உடம்பின் மணத்தை எடுத்து, மனிதர்கள் யாராலும் எதிர்க்க முடியாத ஒரு வாசனையைச் செய்கிறான். மரண தண்டனையைப் பார்க்கக் கூடிய ஜனம் அதில் ஒரு துளியை முகர்ந்ததும் அவனைத் தேவதூதனாக நினைத்து மயங்கிவிடுகிறது.

திண்டுக்கல்லில் ஒரு தையற்கடையின் மாடியில் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுகிறோம். பதினோரு பெண்கள். கல்லூரி மாணவிகள் மூவர், ஒரு நர்ஸ், கடைக்காரத் தோழி, நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருப்பவர், ஆயா, இன்னும் சிலர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. இந்தக் கட்டுரைக்கு அது கொஞ்சம் சங்கடம்தான் என்று போகப்போகத் தெரியும். பாதிப்பேருக்கு ஆங்கிலம் சரளமில்லை என்பதால், அப்படிப்பட்ட புத்தகமாக இருந்தால் படித்தவர் ஒருவர் கதையை வாயால் சொல்லுவார். ‘பெர்ஃப்யூம்’ என் முறை. இரண்டு மணி நேரம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் ஆயா கேட்டார்: “அந்தப் பழம் நறுக்குன புள்ள பேரு என்ன டீச்சர்?”

பாரிஸில் ஒரு திருவிழா இரவில், வாணவேடிக்கைக்கு நடுவே ஒரு நூல்போல வந்த மணத்தைப் பின்தொடர்ந்து போய், முற்றத்தில் உட்கார்ந்து மஞ்சள் பிளம் பழங்களை நறுக்கிக்கொண்டிருந்த சிறுமியைக் க்ரெனூய் கொல்கிறான். அவன் செய்யும் முதல் கொலை. அவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுதான்.

“பேர் இல்லம்மா.”

“மத்த இருவத்துநாலு பேருக்கு?”

“இல்ல. கடைசிப் பொண்ணு மட்டும் லோர்.”

“உங்களுக்கு அவன் பேரு, அவன் மொதலாளி பேரு, செண்டுக் கடைக்காரர் பேரு, அவன் படுத்துக் கெடந்த மலை பேரு வரைக்கும் வாயில வருது. புள்ளைங்க பேரு எழுதலையாக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “பேரில்லாம நாங்க ரிஜிஸ்தர்ல ஏத்த மாட்டோம்” என்றார். முப்பது வருடம் வருகைப்பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. இலக்கியம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். நாவல் க்ரெனூயின் மூக்கு வழியாகச் சொல்லப்படுகிறது, அவனுக்குப் பெண்கள் மணங்கள் மட்டுமே, எனவே பெயரின்மை ஆசிரியரின் விமர்சனம் என்று சொன்னேன். இப்போதும் அதைப் பாதி நம்புகிறேன். ஆனால் ஆயா கேட்டது ஸூஸ்கிண்டைப் பற்றி மட்டுமில்லையே. வீட்டுக்கு வந்து, நான் கதை சொன்னதை மாணவி ஒருத்தி அலைபேசியில் பதிந்து வைத்திருந்ததைக் கேட்டேன். பால்டினியின் கடையை இருபது நிமிடம் வர்ணித்திருக்கிறேன். பிளம் பழப் பெண்ணுக்கு ஒரே வாக்கியம்: “அவளக் கொன்னுட்டு, அந்த மணம் தீர்ற வரைக்கும் மோந்துக்கிட்டே இருந்தான்.” கொலையை வினையெச்சத்தில் வைத்துவிட்டு முற்றுவினைக்கு அவசரமாகப் போயிருக்கிறேன். ‘சாப்பிட்டுவிட்டுப் போனான்’ என்கிற மாதிரி. குரலில் பரவசம் வேறு. அந்த மணத்தை அவன் அடைகிற இடத்தில் என் குரல் தாழ்ந்து இழைகிறது. என் குரலைக் கேட்க எனக்கே கூசியது.

இந்த நாவலைப் படித்த ஆண்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். ‘ஜீனியஸ்’ என்ற சொல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அது க்ரெனூயைக் குறிக்கிறதா ஸூஸ்கிண்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கலைஞன், தனிமை, சமூகம் புறக்கணித்த மேதை. சக ஆசிரியர் ஒருவர் இதைக் காதல் கதை என்றே சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2006இல் டாம் டிக்வர் எடுத்த படம் ஏறக்குறைய அப்படித்தான் முடிகிறது. நாவலில் கூனும் தழும்புமாக வருபவன் படத்தில் பென் விஷா, பெரிய கண்கள். தண்டனை மேடையில் அவன் பிளம் பழப் பெண்ணை நினைத்துக் கண்ணீர் விடுகிறான். நாவலின் க்ரெனூய்க்கு அந்த இடத்தில் வருவது அருவருப்பும் வெறுப்பும்தான். எங்கள் மாணவிகளில் இருவர் படத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். “பாவம் மிஸ் அவன்” என்றார்கள். நானும் இருபத்திரண்டு வயதில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நர்ஸ் அக்கா முதல் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை. ஆங்கிலத்தில் படித்த நால்வரில் அவரும் ஒருவர். க்ரெனூயின் தாய்க்கு இருபத்தைந்து வயதுபோல இருக்கும். நோய்கள் இருக்கின்றன, ஆனால் பற்கள் விழவில்லை, இன்னும் சில வருடம் வாழலாம், யாரையாவது கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற ஆசையும் இருக்கிறது. ஏற்கனவே நான்கு பிரசவம் இதே மேசைக்கடியில். எல்லாம் செத்தோ அரைகுறை உயிரோடோ பிறந்து மீன் குடலோடு போய்விட்டன. ஐந்தாவது அழுதுவிட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு போய்த் தலையை வெட்டிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிற விஷயம். நான் விடுதியில் படித்தபோது இந்த இடத்தில் சிரித்தேன். அவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்ட கறுப்பு நகைச்சுவை அது.

“அஞ்சு புள்ளைக்கும் அப்பன் யாருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார் நர்ஸ் அக்கா. தகப்பன் என்று யாரும் அந்தக் கதையில் இல்லை.

அவர் தொண்ணூறுகளில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தவர். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த காலம். பெண் சிசு இறந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தால் வண்டியில் ஏற்றப்படுவது யார் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பிள்ளை பெற்று நாலு நாள் ஆனவள், துணி மாற்றக்கூட நேரமில்லாமல். சில நேரம் கூட ஒரு கிழவி. “வேண்டாம்னு முடிவு பண்ண ஆம்பளைங்க திண்ணையிலதான் ஒக்காந்திருப்பாங்க” என்றார். அந்தத் தாய்மார்களை நியாயப்படுத்த அவர் முயலவில்லை. கொலை கொலைதான் என்றார். ஆனால் மீன்காரியைக் கடந்து போய் அவள் மகனின் மேதைமையைப் படிக்க அவருக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது பன்னிரண்டாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு அடையாளம் அப்படியே இருந்தது.

முற்றிலும் எதிர்ப்பக்கம் நின்றவள் ஒரு மாணவி. திண்டுக்கல்லில் பூ வாசமும் உண்டு, தோல் வாசமும் உண்டு. அவள் அப்பாவும் தாத்தாவும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைச் சாறும் ஊறின கைகள். க்ரெனூய் க்ரிமாலின் தோல் கிடங்கில் வேலை செய்து, அடைப்பான் நோய் கண்டு, பிழைத்து, தழும்போடு எழுந்து வருகிற பகுதியை அவள் மூன்று முறை படித்திருக்கிறாள். நோய் ஒருமுறை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி வராது, அதனாலேயே முதலாளிக்கு அவன் விலை கூடிவிட்டது என்று வருகிற இடம் அவளுக்கு மனப்பாடம்.

“ஸ்கூல்ல என் பக்கத்துல ஒக்கார மாட்டாங்க மிஸ். நாத்தம்னு சொல்லுவாங்க. நான் காலைல ரெண்டு வாட்டி குளிப்பேன். அது தோல் நாத்தமில்ல, எங்க தெருப் பேருன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. இவனுக்கு வாசனையே இல்ல, அப்பவும் இவன யாருக்கும் பிடிக்கல. அதப் படிச்சப்ப ஏதோ மாதிரி இருந்துச்சு. கொல பண்ற வரைக்கும் இவன் என் ஆளுதான்.”

“கொலை பண்ணினதுக்கு அப்புறம்?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“அப்புறமும் கொஞ்ச தூரம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணிய வாசிப்பு என்றால் ஒரு புத்தகத்தைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்வது என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு இந்தப் பெண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜாதி மூக்கு வழியாக வேலை செய்வதை அவள் அளவுக்கு யார் அறிவார்கள்? அவள் க்ரெனூய் பக்கம் நிற்பதும் ‘ஜீனியஸ்’ என்கிற பேராசிரியர் நிற்பதும் ஒன்றாகிவிடாது. அவள் அவனிடம் பார்த்தது தண்டனையை. அவர் பார்த்தது திறமையை.

தமிழ் படிக்கும் மாணவி வேறு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். “நம்மகிட்ட இந்தக் கதை ஏற்கனவே இருக்கே!” பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம் வருகிறது. ஆயிரம் பொன் பரிசு. ஈசனே பாட்டெழுதித் தருமியிடம் கொடுத்தனுப்புகிறார். நக்கீரர் பூவாலும் எண்ணெயாலும்தான் மணம் என்கிறார். தேவியின் கூந்தலுக்கும் அப்படித்தானா என்று கேட்க, ஆம் என்கிறார், நெற்றிக்கண் திறக்கிறது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் புலம்புகிற காட்சியை ஆளுக்கு ஆள் நடித்துக் காட்டினார்கள். சிரிப்பு அடங்கின பிறகு கடைக்காரத் தோழி சொன்னாள்: “அவ்வளவு பெரிய சபையில ராணிகிட்ட ஒருத்தனும் கேக்கலையே, ‘அம்மா, என்ன தேச்சுக் குளிக்கிறீங்க’ன்னு.”

தமிழ் வகுப்புகளில் நக்கீரர் என்றால் அதிகாரத்துக்கு அஞ்சாத நேர்மை. எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அத்தனை நேர்மையும் யாருடைய தலைமுடிமேல் நடந்தது என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

கிராஸ் நகரத்து முறையை நான் விளக்கியபோது பூந்தோட்டத்து அக்காதான் உன்னிப்பாகக் கேட்டார். மல்லிகையை வேகவைத்தால் மணம் கெட்டுப்போகும். அதனால் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி அதன்மேல் பூக்களைப் பரப்பி வைப்பார்கள். பறித்த பிறகும் மல்லிகை ஒரு நாள்வரை மணத்தை விட்டுக்கொண்டிருக்கும். கொழுப்பு அதை வாங்கிக்கொள்ளும். வாடியதை எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்புக்குப் போதும்போதும் என்கிறவரை இப்படியே. பிறகு சாராயத்தால் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். க்ரெனூய் இதே வேலையைத்தான் கொழுப்புத் தடவிய துணியால் பெண்களின் உடம்பில் செய்கிறான்.

“ஆமா, பறிச்ச மொக்கு சாகாது” என்றார் அக்கா. “விடிய முன்னாடி பறிக்கிறோம். அது பாட்டுக்குச் சாயங்காலம் விரியும். செடியில இல்லைன்னு அதுக்குத் தெரியாது.” விலை விழுகிற நாட்களில் அவர் பூ சென்ட் பேக்டரிக்குத்தான் போகிறது. அங்கிருந்து எங்கெங்கோ வெளிநாட்டுக் குப்பிகளுக்கு. கிராஸில் வளர்வது நம் பிச்சிப்பூ வகைதான் என்று சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். அங்கேயும் வயலில் பறித்தவர்களில் பெண்களே அதிகம் என்றேன். “பின்ன, ஆம்பளையா குனிவான்?” என்றார். அதற்குப் பிறகு, தட்டில் பரப்பின பூ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஸூஸ்கிண்டின் உவமையை நான் அவ்வளவு உடம்போடு உணர்ந்ததில்லை. அவன் திறமைசாலி என்பதை மறுக்கவே முடியாது. அதுதான் தொல்லை.

எல்லோரும் ஒரே குரலில் சிரித்தது லோருடைய அப்பா வருகிற இடத்தில். ரிஷி ஊரில் பெரிய பணக்காரர், மனைவியை இழந்தவர். கொலைகாரன் அழகைச் சேகரிக்கிறான், தன் மகளே அவனுடைய கடைசி இலக்கு என்று கண்டுபிடிக்கிற ஒரே ஆள் அவர். எப்படிக் கண்டுபிடிக்கிறார்? அவனைப் போலவே யோசித்து. அவன் திட்டத்தின்மேல் அவருக்கு ஒரு மரியாதைகூட வருகிறது. மகளைக் காப்பாற்ற அவர் கண்ட வழி, அவளை அவசரமாக ஒரு பிரபுவின் மகனுக்குக் கட்டிக்கொடுப்பது. கன்னி கழிந்துவிட்டால் கொலைகாரனுக்கு அவள் உபயோகப்பட மாட்டாள் என்பது கணக்கு. அதோடு பிரபு குடும்பத்துச் சம்பந்தம் அவருடைய நெடுநாள் கனவு.

“கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டா நமக்குப் பயமில்ல” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில், ஒரே ராகத்தில் சொன்னார்கள். எல்லோரும் யாரோ ஒரு சித்தப்பாவின் குரலில் சொன்னது.

அந்தத் தகப்பன்தான் தண்டனை மேடையில் க்ரெனூயைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார், பிறகு தனக்கு மகனாக இருக்கும்படி கேட்கிறார். மகளின் மணம் அவன்மேல் இருக்கிறது. மறுநாள் ஊர் கூடி நடந்ததை மறக்கத் தீர்மானிக்கிறது; ட்ரூவோ என்கிற அப்பாவித் தொழிலாளியைச் சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்துத் தூக்கிலிட்டுவிடுகிறது. முன்பெல்லாம் இந்த இடத்தைப் படிக்கும்போது கிராஸ் நகரத்து ஜனங்களை ஏளனமாகப் பார்ப்பேன். இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்காவது ஒரு துளி வாசனை தேவைப்பட்டது. எனக்கு நல்ல உரைநடையே போதுமாயிருந்தது.

புத்தகத்தைச் சிபாரிசு செய்வதை நிறுத்திவிட்டேனா என்று கேட்டால், இல்லை. நர்ஸ் அக்காவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் இப்போது கொடுக்கும்போது இரண்டு பெண்களைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒருவர் மதாம் கயார், காசுக்கு அநாதைகளை வளர்ப்பவர். சிறுவயதில் அப்பா இரும்புக் கம்பியால் நெற்றியில் அடித்ததில் மோப்பம் போய்விட்டது. அதோடு அன்பும் வெறுப்பும் போய்விட்டன. பணம் சேர்ப்பது ஒரே ஒரு ஆசைக்காக: தன் புருஷன் செத்ததுபோல் தர்ம ஆஸ்பத்திரியில் ஊரார் நடுவே சாகாமல் சொந்த வீட்டில் சாக வேண்டும். புரட்சிக்காலத்துக் காகிதப் பணத்தில் எல்லாம் கரைந்து, 1799இல் அதே ஆஸ்பத்திரியில்தான் சாகிறார். மணமே தெரியாத பெண்ணின் மரணத்துக்கு ஸூஸ்கிண்ட் ஒதுக்கிய பொறுமையில் பாதி பிளம் பழப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கலாம்.

இன்னொருவர் ழான் பூஸி, பால் கொடுக்கும் தாதி. குழந்தை க்ரெனூயைத் திருப்பிக் கொண்டுவந்து பாதிரியாரிடம் ஒப்படைக்கிறார்: இது மணக்கவே இல்லை, எனக்கு வேண்டாம். பாதிரியார் சிரிக்கிறார். மற்ற குழந்தைகள் எப்படி மணக்கும், சொல் பார்ப்போம் என்கிறார். அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறார். பாதம் ஒரு மாதிரி, வெண்ணெய் மாதிரி. உடம்பு வேறு. உச்சந்தலையில் முடி சுழிக்கிற இடம் இருக்கிறதே, அங்கே காய்ச்சின சர்க்கரை மாதிரி. மொத்த நாவலிலும் சரியாக மோந்து சரியாகச் சொன்ன முதல் ஆள் இவர்தான். படித்த பாதிரியாருக்கு அது மூடநம்பிக்கையாகப் படுகிறது.

இந்த இடத்தைச் சொன்னபோது மாடியில் கடைக்காரத் தோழியின் பேத்தி இருந்தாள். நாலு மாதம். ஆயா ஒன்றும் சொல்லாமல் குழந்தையை வாங்கி உச்சியில் மூக்கை வைத்தார். “வெண்ணெயுமில்ல சர்க்கரையுமில்ல. வசம்பு” என்றார். அதற்குள் நர்ஸ் அக்கா கை நீட்டிவிட்டார். அவருக்குப் பால்வாடை. பூந்தோட்டத்து அக்கா சாம்பிராணி என்றார். காலையில் புகை போடவே இல்லை என்று குழந்தையின் அம்மா அடித்துச் சொன்னாள். தோல் ஷாப்புக்காரர் மகளிடம் குழந்தை போனது. அவள் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். “என்னத்தா, சொல்லு” என்றார் ஆயா. “இருங்க” என்று மறுபடி குனிந்தாள்.